ஊர் நலமும் நகர் நலமும்

மக்கள் உறையும் இடங்களை நகர் என்றும் ஊர் என்றும் இரு கூறாகப் பிரித்துப் பேசுதல் உலக வழக்கு. நகரிலே கல்லூரி உண்டு, மருத்துவமனை உண்டு, தொழில் உண்டு. ஆயின் தூய காற்றும் மரநிழலும் அரியன. ஊரிலே காற்று உண்டு, நிழல் உண்டு, நீர் உண்டு. ஆயின் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் இருப்பது நெடுந்தொலைவில். இவ்விரு நலங்களையும் ஓரிடத்தே பெறுதல் ஆகாதோ என்னும் வேட்கை மக்களுக்கு என்றும் உண்டு. புறநகர் வாழ்க்கை அவ்வேட்கையிற் பிறந்ததேயாம். அவ்வாழ்க்கை எதனால் நிலைபெறும், எதனாற் கெடும் என்பதைப் புதுச்சேரியை அடுத்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களைச் சான்றாக வைத்து ஈண்டு ஆராய்வாம்.

1. பழைய வழக்கு

நகர்க்குப் புறத்தே தங்கி வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என ஒரு காதையே உளது. நெடுவழி நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை மாநகருள் உடனே புகுந்திலர். வையையைக் கடந்து, மதிற்புறத்தே அறவோர் உறையும் சோலை சூழ்ந்த இடத்திலே தங்கினர். அடுத்து வரும் 'ஊர்காண் காதை', அப்புறத்துப் பொழில்களிலும் வயல்களிலும் வைகறையிற் பறவைகள் விழித்தெழும் காட்சியோடு தொடங்குகின்றது. அதன் பின்னரே கோவலன் நகர்க்குள் சென்று, அங்காடித் தெருக்களைக் கண்டு, மீண்டும் புறஞ்சேரிக்கே திரும்புகின்றான். நகரின் வளத்தைக் காணுந் தொலைவில் இருத்தல், சோலையின் அமைதியில் உறைதல் என்னும் இரண்டையும் அந்நாளிலேயே நம்மவர் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

2. ஆங்கில நாட்டு முயற்சி

அண்மைக் காலத்தில் இக்கருத்தை ஒரு திட்டமாக வகுத்தவர் எபனேசர் ஹோவர்டு என்பார். அவர் கட்டடக் கலைஞரும் அல்லர், செல்வரும் அல்லர். இலண்டனில் வாழ்ந்த ஒரு சுருக்கெழுத்தர். நகரின் நெருக்கத்தையும் சிற்றூரின் வறுமையையும் ஒருங்கே கண்டு வருந்திய அவர், 1898இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் 1902இல் 'நாளைய தோட்ட நகர்கள்' எனப் பொருள்படும் புதுப்பெயரோடு மறுபடியும் வெளிவந்தது. 6,000 ஏக்கர் நிலம் கொள்க. அதில் 1,000 ஏக்கரில் நகர் அமைக. எஞ்சிய 5,000 ஏக்கர் வயலும் தோப்பும் மேய்ச்சல் நிலமுமாகச் சூழ்ந்து நிற்க. 32,000 மக்களுக்கு மேல் அங்கே பெருகலாகாது. இதுவே அவர் வகுத்த திட்டத்தின் சுருக்கம். அதன்படி 1903இல் லெச்வொர்த்து நகரும், 1920இல் வெல்வின் நகரும் தோன்றின.

இத்திட்டத்தைப் படிப்போர் பலர் அதன் பூங்காக்களையும் அகன்ற சாலைகளையுமே வியப்பர். அதன் உயிர்நிலையோ வேறு. ஒரு பங்கு வீட்டுக்கு ஐந்து பங்கு விளைநிலம் என்பதும், அந்நிலம் துண்டு துண்டாக விலைப்பட்டுப் போகாமற் பொதுவிற் காக்கப்பட வேண்டும் என்பதுமே ஹோவர்டின் முடிபு. அவ்வேலியை எடுத்துவிட்டால், தோட்ட நகர் சில ஆண்டுகளிலேயே வெறும் நகராய்விடும்.

3. வில்லியனூரும் பாகூரும்

இனி நம் பக்கத்துக்கு வருவாம். 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள் பிறந்த பிரெஞ்சு அரசாணை, புதுச்சேரிப் பகுதியைப் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு கொம்யூன்களாக வகுத்தது. அவற்றுள் முன்னைய இரண்டும் இன்று நகராட்சிகள். பின்னைய இரண்டும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கொம்யூன் பஞ்சாயத்துகளுள் அடங்குவன.

வில்லியனூர், புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வில்லியனூர் அப்பாதையில் உள்ள நிலையம். திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை ஆலயமும் அங்கே உள. கோயில் தேரின் வடத்தை நாட்டின் ஆளுநரே தொட்டிழுக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு வருவது. ஊரின் ஒரு பக்கம் சங்கராபரணியாறு, வடக்கே ஊசுட்டேரி. அவ்வூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் கொண்டவை. நகருக்குச் சென்று தொழில் புரிந்து, மாலையில் வீடு திரும்பி, ஆற்றுக் காற்றை நுகர விரும்புவார்க்கு இதனினும் வாய்ப்பான இடம் யாது?

பாகூர், நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்று விளங்குவது. நகர நலன்கள் யாவும் நகரிலேயே பிறந்தன என எண்ணுவார்க்கு அவ்வூர் நல்லதொரு மறுமொழி தருகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. இச்செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறும். கல்லூரி மாணவராகிய நமக்கு இது கருதத்தக்கது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர், வயல்களின் நடுவே உயர்கல்வி நிலையம் ஒன்று நடந்தது. அதற்கு ஊதியம் அளித்ததும் அவ்வயல்களின் விளைவே. ஊர் நலத்தை அழித்தே நகர் நலத்தைப் பெறல் வேண்டும் என்பது இயற்கைவிதி அன்று என்பதற்கு இஃதொன்றே சாலும்.

4. ஏரியின் தொழில்

இவ்விரு பகுதிகளின் பசுமையும் தானே முளைத்தது அன்று. அது மக்கள் கையால் ஆக்கப்பட்டது. புதுச்சேரியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அந்நீரைத் தேக்கி வைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடையே ஏரி.

பாகூரேரி, தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் பெறுகின்றது. பங்காரி, சிங்காரி என்னும் உடன்பிறந்த நங்கையர் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது செவிவழிக் கதை. ஊசுட்டேரியோ சங்கராபரணியின் நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் மூலம் பெறுவது. இவ்விரண்டையும் உள்ளிட்டுப் புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள எனக் கணக்கிட்டுள்ளனர்.

ஏரியின் உறுப்புகள் பல. நீரைக் கொணர்வது வரத்து வாய்க்கால், தாங்குவது கரை, வயலுக்கு அளந்து விடுவது மதகு, மிகுந்த நீரைத் தீங்கின்றி வெளியேற்றி அடுத்த ஏரிக்கு அனுப்புவது கலிங்கு. ஆயக்கட்டு வயல்கள் அதனால் விளையும். நிலத்துள் இறங்கிய நீர், ஏரியைக் கண்ணாற் கண்டிராத தெருக்களின் கிணறுகளிலும் ஊறும். ஊசுட்டேரிக்கு மாரிக்காலத்தில் ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் தொலைநாடுகளிலிருந்து வந்து தங்கும். புதுச்சேரி அரசு 2008இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆகவே ஒரே ஏரி உழவர்க்கு வயலாகவும், நகரத்தார்க்குக் குடிநீராகவும், வெள்ளத்துக்குக் கொள்கலமாகவும், காண்பார்க்குப் பூங்காவாகவும் நின்று உதவுகின்றது.

இதனை அறிந்தே சோழர் காலத்து உத்தரமேரூரார், 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகளில் வாரியங்களை வகுத்தபோது, ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தனித்தனியே வைத்தனர். 1915இல் சென்னை மாகாணத்து நகர்கள் பற்றி அறிக்கைகள் எழுதிய பாட்ரிக் கெட்டிசு என்னும் அறிஞரும், குளங்களைத் தூர்த்தலினும் அவற்றைத் தூய்மை செய்து காத்தலே நலம் என வற்புறுத்தினார்.

5. வந்துற்ற இடர்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரி மாவட்டத்தின் 293 சதுர கிலோமீட்டரில் 9,50,000 மக்களுக்கு மேல் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு 3,200 பேருக்கு மிகும். நகரில் இடமின்மையால் மக்கள் மேற்கும் தெற்கும் பரவுதல் இயல்பே. அதனைக் குற்றங் கூறல் தகாது. ஆயின் பரவும் முறையிலே ஒரு பெரும்பிழை நேர்கின்றது. பசுமையை நாடி வருபவர் பசுமையின்மேலேயே மனை கொள்கின்றனர். முதலில் வந்தவர் தம் சாளரத்தைத் திறந்தால் நெல்வயல் காண்பர்; பத்தாண்டு கழித்து அதே சாளரத்தில் அடுத்த வீட்டுச் சுவரைக் காண்பர். வயல் மேடாக்கப்படும்போது வாய்க்கால் குறுகும். வாய்க்கால் குறுகியபின் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடில் ஆழ்துளைக் கிணறு மேன்மேலும் ஆழும். கடலோரத்தே அது உவர்நீரை உள்ளிழுக்கும். ஒவ்வொருவரும் ஒரு மனையே வாங்கினர். எல்லாருமாகச் சேர்ந்து தாம் தேடி வந்த பொருளையே இழந்தனர்.

மழை இவ்வுண்மையை மறக்கவிடாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை பெய்தது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது அது. அடுத்த நாட்களிற் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதியின் ஆற்றோர ஊர்களுட் புகுந்தது. இத்தகைய வெள்ளம் முழுவதையும் ஏரிகள் தடுத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் நீர் நிற்க ஓர் இடமும், ஓட ஒரு வழியும் வேண்டும் அன்றோ? நாம் அவ்விரண்டையும் மறித்தால், அது நம் கூடத்தில் நிற்கும். நம் தெருவில் ஓடும்.

6. ஒரு தடையும் அதன் விடையும்

இங்கே ஒரு தடை எழலாம். 'நகரத்தார்க்குக் காட்சியாக இருக்கும்பொருட்டு ஊரார் என்றும் வயலிலேயே உழன்றுகொண்டிருத்தல் வேண்டுமோ? விளைச்சல் கட்டுபடியாகாத உழவன், மகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் நிலத்தை விற்றால் அது குற்றமோ?' என்று வினவுவர். இவ்வினா நியாயமானதே, இதற்கு விடை கூறாமற் பசுமையைப் போற்றிப் பேசுதல் வெறும் பேச்சாகும்.

விடை இது: நகர நலன்கள் ஊருக்கு வரல் வேண்டும், அவை வந்து அமையும் இடத்தையே தேர்ந்து கொள்ளல் வேண்டும். மேட்டு நிலத்திலும், இருப்புப்பாதை நிலையத்தை ஒட்டியும், பெருஞ்சாலைகளின் அருகும் வீடுகள் நெருங்கி உயரலாம். தாழ்ந்த நிலமும் ஆயக்கட்டும் வயலாகவே நிற்றல் வேண்டும். வாய்க்காலின் அகலத்தை அளந்து எல்லைக்கல் நடுதல் வேண்டும். வீட்டுக் கழிவுநீர் வரத்து வாய்க்காலிற் கலத்தல் ஆகாது. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரி ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் நடந்தபோது, ஏரிதோறும் பயன் கொள்வோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அத்தகைய சங்கங்களில் ஆயக்கட்டு உழவரோடு, ஏரியின் ஊற்றுநீரைப் பருகும் புதுக்குடியினரும் உறுப்பினராதல் தகும். யாவற்றினும் மேலாக, உழவனுக்கு வயல் பிழைப்பளித்தல் வேண்டும். அருகில் விளையும் நெல்லையும் காய்கறியையும் அங்கே குடியேறிய நகரத்தாரே நல்விலை கொடுத்து வாங்குவாராயின், அவன் நிலத்தை விற்கும் நாள் தள்ளிப்போகும். உடையவனுக்கு உணவளிக்காத பசுமை நெடுநாள் நில்லாது. அதன் அழகை நுகர்வோர் அதன் செலவிலும் பங்கு கொள்ளல் அறம்.

7. முடிவுரை

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தொழில் பெற்று, மனை வாங்கி, வீடு கட்டுவீர்கள். அப்பொழுது சாலையின் அகலத்தையும் பேருந்து நிலையத்தின் தொலைவையும் மட்டும் கேளாதீர்கள். அங்கே மூன்று வினாக்களைக் கூடுதலாகக் கேளுங்கள். இம்மனையிற் பெய்யும் மழை எவ்வழியே எங்குச் செல்லும்? இங்கே பருகும் நீர் எந்த ஏரியின் ஊற்று? மனையாவதற்கு முன் இந்நிலத்தை ஊரார் எப்பெயரால் அழைத்தனர்? மூன்றாம் வினாவுக்கு விடை அங்குள்ள முதியவர் ஒருவரிடமே கிடைக்கும். அவர் ஏதேனும் ஒரு மடையின் பெயரையோ வாய்க்காலின் பெயரையோ கூறினால், அம்மனையை விட்டு மேட்டுக்குச் செல்லுங்கள்.

விடுமுறையில் ஒரு நாள் ஊசுட்டேரிக் கரையிலோ பாகூரேரிக் கரையிலோ மாலையில் நடந்து வாருங்கள். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நெல், தொலைவிலே நகரின் விளக்குகள் தோன்றும். இம்மூன்றும் ஒருங்கே தோன்றும் அக்கரையே நாம் தேடும் வாழ்க்கைக்கு அடிப்படை. அது நிற்குமளவும் ஊர் நலமும் நகர் நலமும் கூடி வாழும்.