கம்பம் பள்ளத்தாக்கும் காசில்லாத சினிமாவும்

பள்ளி மலரில் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று முதலில் தயங்கினோம். ஆனால் நாம் எழுதப்போவது நட்சத்திரங்களைப் பற்றியன்று. கையில் அதிகப் பணமில்லாமல் ஒரு படத்தை எப்படி எடுத்து முடிக்கிறார்கள் என்பதைப் பற்றியே. அதை அறிய வெகுதூரம் போகவேண்டாம். நம் தேனி மாவட்டத்துக்காரர்கள் இருவரே போதும்.

முதலாமவர் அல்லிநகரத்தில் பிறந்த சின்னச்சாமி. பாரதிராஜா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர். பிறகு சென்னைக்குப் போய், கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். 'மயில்' என்ற கதையைக் கறுப்பு வெள்ளையில் சிறு படமாக எடுக்க அரசின் திரைப்பட நிதி நிறுவனத்தை நம்பியிருந்தார். அந்தப் பணம் கிடைக்கவில்லை. பின்னர் எஸ். ஏ. ராஜ்கண்ணு என்ற தயாரிப்பாளர் முன்வந்தார். அதே கதை வண்ணப்படமாகி, 1977 செப்டம்பரில் '16 வயதினிலே' என்ற பெயரில் வெளிவந்தது.

அக்காலத்தில் திரையில் வரும் கிராமம் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் எழுப்பிய 'செட்'டாகவே இருந்தது. பாரதிராஜாவோ காமிராவை உண்மையான தெருவுக்கும் வயலுக்கும் கொண்டு போனார். செட் போடும் செலவும் மிச்சம். புழுதியும் வெயிலும் இலவசம்!

அந்தப் படத்தில் கதாநாயகி மெல்ல மிதப்பதுபோல் ஓடிவரும் காட்சி உண்டு. இதில் நாம் படிக்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஃபிலிம் காமிரா வினாடிக்கு 24 படங்கள் பதிக்கும். அதே வேகத்தில் திரையில் ஓட்டினால் அசைவு இயல்பாகத் தெரியும். 48 படங்கள் பதித்து, 24 வீதம் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகிவிடும். ஆனால் அதற்கு வேகமாக ஓடும் காமிரா வேண்டும். ஃபிலிமும் இரண்டு பங்கு செலவாகும். அந்த வசதி இல்லாததால், நடிகை ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லிப் படம்பிடித்தார்கள் என்று அப்படக்குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரம் செய்யவேண்டியதைக் கால்கள் செய்தன.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். தேனிக்காரர் எடுத்த அந்தக் கிராமம் தேனியில் இல்லை. படப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கத்தில் நடந்தது. நம் மலையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட படம் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் நாம் சொன்ன இரண்டாமவர், லெனின் பாரதி. இயக்குநர் சுசீந்திரனுடன் பணியாற்றியவர். அவர் இயக்கிய முதல் படம் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்தது. பணம் போட்டவர் நடிகர் விஜய் சேதுபதி. ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை. பிரபல முகம் எதுவும் படத்தில் கிடையாது. வருகிறவர்களில் பலர் இந்த வட்டாரத்து மக்களே. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசையோ பண்ணைப்புரத்து இளையராஜா. 1977 படத்துக்கும் அவரே இசையமைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கதை மிகச் சிறியது. ரங்கசாமி என்ற கூலியாள் மலைமேல் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைத் தலையில் சுமந்து இறக்குகிறான். அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பதே அவன் ஆசை. இன்று குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தார்ச்சாலைகள் உள்ளன. ஆனால் தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டுப் பாதை போன்ற ஒற்றையடிப் பாதைகளில் சுமையோடு நடந்த தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்ட வேலைக்குப் போகும் தாய்மாரும் உண்டு. ஆகவே இது நமக்கு வெறும் கதையாகத் தெரியவில்லை.

படத்தில் ஓர் இடம் நம்மை வெகுநேரம் பேசவிடாமல் செய்தது. நிலக்கனவை நம்பி ரங்கசாமி சுமந்துவரும் ஏலக்காய் மூட்டை, மலைச்சரிவில் விழுந்து சிதறிவிடுகிறது. பெரிய இசை முழக்கமோ அழுகை வசனமோ வேண்டியிருக்கவில்லை. ஒரு மூட்டையின் விலை என்ன, அதைச் சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்று அறிந்த நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இப்படியொரு காட்சியைக் கோடிகள் கொட்டி வாங்கமுடியாது என்பது எங்கள் கருத்து. மலையை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று குறை சொன்னவர்களும் எங்களுள் இருந்தார்கள். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலையில் யாரும் ஓடுவதில்லை!

ஒருவழியாக ரங்கசாமிக்கு நிலம் கிடைக்கிறது. விதை, உரம் என்று கடன் ஏறுகிறது. நிலம் கைவிட்டுப் போகிறது. கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பி அங்கே காற்றாலை எழுகிறது. முடிவில் தன் நிலமாக இருந்த இடத்திலேயே, காற்றாலைக்குக் காவலாளியாக அவன் உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே மேலே எழும்ப, அவன் ஒரு புள்ளியாகிறான். சுற்றிலும் காற்றாலைகள் விரிகின்றன.

ஆண்டிப்பட்டிப் பக்கம் பேருந்தில் போகையில் காற்றாலைகளை எண்ணி விளையாடியவர்கள்தாம் நாம். இந்த ஆண்டு எண்ணும்போது, அவற்றின் அடியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்த்தோம்.