பழைய கணினியை அப்படியே குடி மாற்றலாம்!

கடையில் பில் போடும் கணினி, சங்கத்தின் கணக்குக் கணினி என்று பத்து வருஷம் உழைத்த ஒன்று உங்களிடமும் இருக்கலாம். அதிலுள்ள மென்பொருளின் சிடி எங்கேயோ தொலைந்திருக்கும். செய்து கொடுத்தவரையும் பிடிக்க முடியாது. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டால் கணக்கெல்லாம் போச்சு! அதற்கு முன்பே அந்தக் கணினியை மொத்தமாக விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றிவிடலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிதான் அது. ஒரே கட்டடத்தில் பல குடித்தனம் மாதிரி. கதவும் பூட்டும் தனித்தனி, அஸ்திவாரம் ஒன்று. உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 1999-ல் விஎம்வேர் அதைச் சாதாரண கணினிக்கும் கொண்டுவந்தது.

தரவு மையங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. தனித்தனியாக நின்ற பல சர்வர்கள் ஒரே பெரிய சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷின்களாகக் குடியேறுகின்றன. இதனால் மின்சாரமும் இடமும் மிச்சம். மாற்றும் நேரத்தில் புதுப் பதிவு எதுவும் விடுபடக் கூடாது என்பதற்காகச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்துவார்கள். இரவில் 'பராமரிப்புப் பணி' என்ற அறிவிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது பணம் பிடித்து ரசீது வராவிட்டால், உடனே மறுபடி கட்டாதீங்க. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, முதலில் நிலையைப் பாருங்க.

சரி, வீட்டுக் கணினியை மாற்றுவது எப்படி?

1. முக்கியமான கோப்புகளை முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் தனியாக நகலெடுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

2. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்டூவிஎச்டி என்ற கருவியைப் பழைய கணினியில் ஓட்டுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக மாற்றித் தரும். அந்தக் கோப்பை வெளி டிஸ்க்கில் சேமியுங்கள். அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும். எஃப்ஏடி32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

3. புதுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, புதிய மெஷின் ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்பை அதன் டிஸ்க்காகக் காட்டுங்கள். புதுக் கணினியின் ரேமில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுக்காதீங்க. மெஷின் கிளம்பவில்லையா? பழைய கணினி பயாஸ் முறையா, யுஇஎஃப்ஐ முறையா என்று பார்த்து அதே முறையை இதிலும் வையுங்க.

4. விண்டோஸ் மறுபடி உரிமச் சாவி கேட்கலாம். கணினியோடு வந்த உரிமத்தை வேறு இயந்திரத்துக்கு மாற்ற எல்லா நேரமும் அனுமதி கிடையாது. அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்காமல் பழையதை விடாதீங்க

நகல் எடுப்பது சுலபம். சரிபார்ப்பதுதான் பெரிய வேலை. போன வருஷக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரு பில் அச்சடியுங்கள். மென்பொருளுக்கு யுஎஸ்பி பூட்டு இருந்தால், அதைச் செருகி வேலை செய்கிறதா என்று பாருங்கள். சோதனைக்குப் போட்ட பில்லை அப்புறம் நீக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், பழைய கணினியை அணைத்து ஒரு மாதம் பத்திரமாக வையுங்கள். இரண்டிலும் மாற்றி மாற்றி வேலை பார்க்காதீங்க. பாதிக் கணக்கு இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

இன்னும் இரண்டு விஷயம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தது. குடி மாற்றியதால் பழைய விண்டோஸ் பாதுகாப்பாகிவிடாது. ஆகவே அந்த மெஷினுக்கு இணைய இணைப்பே கொடுக்காதீங்க. அடுத்து, விர்ச்சுவல் மெஷின் என்பது பேக்கப் அல்ல. அதுவும் ஒரு டிஸ்க்கில் கிடக்கும் கோப்புதான். வாரம் ஒரு முறை மெஷினை அணைத்துவிட்டு, அதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பழைய கணினியை விற்கும் முன் டிஸ்க்கை முழுவதுமாக அழிக்கவும் மறக்காதீங்க.