சிற்றொளியிற் படம் எடுத்தல்

ஒளியே புகைப்படத்திற்கு உயிர். அது குறைந்தவிடத்து மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுத்தல் முன்னாளைய வழக்கம். அதன் சுடரும் புகையும் அவையோரைத் திடுக்கிடச் செய்ய, முகத்தின் இயல்பு மாறிவிடும்.

1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரினின்றும் எர்மனாக்ஸ் என்னும் காமிரா வெளிவந்தது. அதன் வில்லைத் துளையின் விட்டம் குவியதூரத்திற் பாதி. இதனை எப்/2 என்பர். எப்/8 துளையினும் அது 16 மடங்கு ஒளியை ஏற்கும். ஆதலின் 1/2 வினாடி வேண்டும் படத்திற்கு 1/32 வினாடியே அமையும். எரிக் சாலமன் என்பார் கண்ணாடித் தகடு ஏற்கும் இக்கருவியாலும், பின்னர்ப் பிலிம் ஏற்கும் லைக்காவாலும், நீதிமன்றங்களையும் அரசியல் மாநாடுகளையும் ஆங்குள்ள ஒளியிலேயே கறுப்பு வெள்ளையிற் படமாக்கினார்.

ஆயினும் இப்பேற்றிற்கு விலையுண்டு. துளை விரியின் தெளிவின் ஆழம் சுருங்கும். கண் தெளியக் காது மங்கும். பிலிமின் வேகம் மிகின் வெள்ளித் துகள் பருத்துப் படம் மணல் தூவியதுபோற் காணும். ஆகவே முகத்தின்மேல் விழும் ஒளியையே அளவாகக் கொண்டு, இருளை இருளாகவே விடுதல் நன்று.

யூதராகிய சாலமனை 1944-இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமிற் கொன்றனர். அவர் சிற்றொளியிற் கண்ட முகங்களோ இயல்பு மாறாது இன்றும் நம்மை நோக்குகின்றன.