கோயில் பொருளுக்கு ஓர் எண்



ஆண்டு மலரில் தல வரலாறும் தத்துவ விளக்கமும் படித்து மகிழ்வது நம் வழக்கம். நானோ இம்முறை நாற்காலி, மேசை, அண்டா, கணினி ஆகியவற்றைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் ஆலய நிர்வாகக் குழுவில் தொண்டு செய்யும் பேறு எனக்குக் கிட்டியது. குழுவில் நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு, ஆலயப் பொருள்களின் இருப்பைக் கவனிப்பது. சிறு அலுவலகமோ சங்கமோ நடத்துகின்றவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படும் என நம்புகிறேன்.

அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எண்பது வயதை நெருங்கும் ஓர் அம்மையார் சக்கர நாற்காலியில் மகனுடன் வந்திருந்தார். “சார், எங்கம்மா இந்தக் கோயிலுக்கு ஒரு ஜோடி குத்துவிளக்கு கொடுத்தாங்க. அதுல ஒரு திரி போட்டு ஏத்திட்டுப் போகணும்” என்றார். நான் சாமான் அறைக்குச் சென்று பார்த்தேன். பதினொரு குத்துவிளக்குகள் இருந்தன. எதிலும் அடையாளம் இல்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். “இது இல்லை சார், அது அன்னம் வச்ச விளக்கு” என்று ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில், “பரவாயில்லை சார், எல்லாம் சாமி விளக்குத்தானே” என்று வேறொரு விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுச் சென்றார்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அந்த விளக்கை யாரும் திருடியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு எங்களிடம் ஓர் ஏடு இல்லை. அதே ஆண்டில் ஒலிபெருக்கிக்கான ஆம்பிளிஃபயரைக் காணவில்லையென்று புதிதாக ஒன்று வாங்கினோம். இரண்டு மாதம் கழித்துப் பழையது பந்தல் துணிகளுக்கு அடியிலிருந்து வெளிவந்தது. அந்தப் பணம் உங்களைப் போன்றோர் உண்டியலில் இட்ட பணம்.

“சிவன் சொத்து குல நாசம்” என்பது பழமொழி. களவு செய்பவருக்கு மட்டுமே அது சொல்லப்பட்டது என்று எண்ணியிருந்தேன். கவனக்குறைவால் இழப்பதும் இழப்புத்தான் என்பதை அந்த மாலையில் உணர்ந்தேன்.

உபயம் வேறு, எண் வேறு

பொருளில் பெயர் பொறிப்பது நமக்குப் புதிதன்று. கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரங்களில் கடைக்காரரிடம் பெயர் வெட்டி வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அண்டை வீட்டுக்குப் போன எவர்சில்வர் டிபன் கேரியர் பத்திரமாகத் திரும்பி வருவது அந்தப் பெயரால்தான். கோயிலிலும் “உபயம்” என்று எழுதுகிறோம். ஆனால் உபயம் என்பது கொடுத்தவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். பொருள் எப்போது வந்தது, எங்கே இருக்க வேண்டும், யார் பொறுப்பு, இப்போது என்ன நிலை என்பதையெல்லாம் அது சொல்லாது. வண்ணத்தில் எழுதிய உபயமோ, புளி போட்டுத் துலக்கத் துலக்க அழிந்தே போகும்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். மன்னனும், தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் கொடுத்த பொன், வெள்ளி, நகைகள், செப்புத் திருமேனிகள் அனைத்தும் கொடுத்தவர் பெயருடன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பதிவாயின. பொன்னை நிறுக்க “ஆடவல்லான்” என்ற எடைக்கல்லும், நகைகளை நிறுக்க “தட்சிணமேரு விடங்கன்” என்ற எடைக்கல்லும் பயன்பட்டன. திருமேனிகளின் உயரம் முழத்திலும் விரலிலும் குறிக்கப்பட்டது. நகையில் எத்தனை முத்து, அவை எந்த வகை, மணியில் குறை ஏதும் உண்டா என்பதுகூட எழுதப்பட்டது. எடையில் அரக்கு சேர்ந்ததா என்பதையும் குறித்து வைத்தார்கள். இதைவிடத் தெளிவான இருப்புப் பதிவேடு வேறு எங்கே உண்டு?

நாங்கள் செய்த முறை

எங்களுக்குக் கல்வெட்டு வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியில் ஓர் அட்டவணையும், ஒரு தடித்த பதிவேடும் போதுமாக இருந்தன. பட்டறிவால் நாங்கள் கற்றவற்றைக் கீழே தருகிறேன்.

1. எல்லாவற்றுக்கும் எண் ஒட்ட முயலக் கூடாது. கரண்டிக்கும் டம்ளருக்கும் ஒட்டத் தொடங்கினால் இரண்டே நாளில் சலித்துவிடும். விலை கூடியவை, எளிதில் இடம் மாறுபவை, காணாமற்போனால் வேலை நின்றுவிடுபவை ஆகிய மூன்று வகைக்கும் தனி எண் கொடுத்தோம். மடக்கு நாற்காலி, தட்டு, டம்ளர் போன்றவற்றைத் தொகையாக எண்ணி எழுதினோம்.

2. எண் எளிதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் நான் ஓர் ஆசிரியருக்கே உரிய ஆர்வத்தோடு, மாடி, அறை, வகை, ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்து நீண்ட குறியீடு வகுத்தேன். அலுவலக அச்சுப்பொறி மாடியிலிருந்து கீழே வந்த அன்றே அந்தக் குறியீடு பொய்யாகிவிட்டது. பிறகு 0001 முதல் வரிசையாக எண்ணிட்டோம். மாறக்கூடிய விவரங்கள் பதிவேட்டில் இருக்கட்டும், எண் மட்டும் மாறாதிருக்கட்டும் என்று முடிவு செய்தோம். கழிக்கப்பட்ட பொருளின் எண்ணை மற்றொன்றுக்குக் கொடுப்பதில்லை.

3. பொருளுக்கு ஏற்ற அடையாளம் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்திலும் மடப்பள்ளி எண்ணெய்ப் பசையிலும் காகிதச் சீட்டு நிற்காது. கணினி, பிரிண்டர் போன்றவற்றுக்கு நீர் படாத பிளாஸ்டிக் சீட்டு ஒட்டினோம். அதையும் காற்றுத் துளைகளை மறைக்காமல், பொருளை நகர்த்தாமலே படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டினோம். தயாரிப்பாளர் இட்ட வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம், சீட்டு உரிந்தாலும் அது உதவும். அண்டா, குத்துவிளக்கு ஆகியவற்றின் அடியில் எண்ணை வெட்டச் செய்தோம்.

4. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். “எல்லாருடைய பொறுப்பு” என்று எழுதிய பொருளை யாரும் கவனிப்பதில்லை.

சதுரக் குறியீடான கியூஆர் பற்றி இளைஞர்கள் கேட்டார்கள். 1994-இல் ஜப்பானில் உருவான இந்தக் குறியீடு நமக்கு அந்நியமன்று. கோவிட் காலத்தில் 2020-இல் கோயில் வாசலில் பாட்டிமார்கூடக் கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்துகொண்டு உள்ளே வந்தார்கள். நாங்களும் சீட்டில் அதை அச்சிட்டோம். ஆயினும் அதன் கீழே எண்ணைப் பெரிதாகவும் எழுதினோம். இருட்டான சாமான் அறையில் கண்ணால் படிப்பதே விரைவானது.

வெளியே போகும் பொருள்

பொருள்கள் பெரும்பாலும் காணாமற்போவது கோயிலுக்குள் அன்று, வேனில் ஏறும்போது. தைப்பூசத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரையும், தீமிதியில் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரையும் பக்தர்கள் செல்வதை அறிவீர்கள். அத்தகைய நாள்களில் வாக்கி டாக்கி, மேசை, தண்ணீர்க் கலன், மைக் என எத்தனையோ பொருள்கள் தொண்டூழியர் கைகளில் இடம் மாறும். ஒரே மாதிரியான அண்டாக்கள் இரண்டு கோயில்களில் இருந்தால் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். எண், எடுத்தவர் பெயர், எடுத்த நாள், திரும்ப வேண்டிய நாள், திரும்பிய நாள், கையொப்பம் என ஆறு கட்டங்கள். முதலில் சிலருக்கு மனவருத்தம். “என்ன வாத்தியாரே, எங்களை நம்பலையா?” என்று நெடுநாள் தொண்டர் ஒருவர் கேட்டார். “அண்ணே, உங்களை நம்புறதாலதான் கையெழுத்து கேக்குறேன். நாளைக்கு ஒண்ணு காணாமப்போனா உங்க பேரை யாரும் இழுக்கக் கூடாதில்ல?” என்றேன். அன்றுமுதல் புத்தகத்தில் முதலில் கையெழுத்திடுபவர் அவரே.

எண்ணிப் பார்ப்பது

பட்டியல் எழுதினால் மட்டும் போதாது. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பார்கள். அளந்ததை மீண்டும் அளந்து பார்ப்பதும் கடமை. ஆண்டுக்கு ஒரு முறை இரு வழியிலும் பார்க்கிறோம். முதலில் பதிவேட்டிலிருந்து பொருளைத் தேடுகிறோம், காணாமற்போனவை தெரியும். பிறகு அறையில் கண்ட பொருளைப் பதிவேட்டில் தேடுகிறோம், எழுதப்படாதவை தெரியும். எண்ணுபவர் அந்தப் பொருளின் பொறுப்பாளராக இருக்கக் கூடாது.

இது ஏன் அவசியம் என்பதற்கு நாம் அனைவரும் செய்தித்தாளில் படித்து வேதனையுற்ற ஒரு நிகழ்வு சான்று. மாரியம்மன் ஆலயத்தில் நகைப் பொறுப்பிலிருந்த தலைமை அர்ச்சகர் 2016 முதல் நகைகளை அடகு வைத்துவந்தது 2020-இல் தணிக்கையின்போது வெளிப்பட்டது. சம்பந்தப்பட்ட நகைகளின் மதிப்பு இருபது லட்சம் வெள்ளிக்கு மேல். சிலவற்றை மீட்க வேறு சிலவற்றை அடகு வைத்து, எண்ணும் நாளுக்குள் திருப்பி வைத்திருக்கிறார். நகைகள் அனைத்தும் ஆலயத்துக்குத் திரும்பின. 2023-இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எண்ணும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதுவே பாடம். அதனால் ஆண்டுக் கணக்கெடுப்பு தவிர, சொல்லாமல் சில பொருள்களை எடுத்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். இது எவரையும் ஐயுறுவதற்கன்று. நல்லவர்களுக்கு இதுவே பாதுகாப்பு.

ஒட்டக் கூடாதவை

திருமேனிகளிலும் பழமையான பூசைப் பொருள்களிலும் சீட்டு ஒட்டுவதோ எண் வெட்டுவதோ தகாது. அவற்றுக்குப் புகைப்படமும், அளவும், எடையுமே அடையாளம். நம் சிங்கப்பூரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-இல் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு உமா பரமேசுவரி செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து களவு போனது எனப் பின்னர் தெரியவந்து, 2015-இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே கோயிலின் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் திரும்பினார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் இத்தகைய வழக்குகளில் பெரிதும் கைகொடுத்தன. கோயிலில் படம் எடுத்தவர் அன்று ஆய்வுக்காகவே எடுத்தார். பிற்காலத்தில் தெய்வம் ஊர் திரும்ப அது வழி செய்தது.

கழிக்கும்போது

பழுதான பொருளையும் சும்மா தூக்கியெறியக் கூடாது. கழித்த நாள், காரணம், ஒப்புதல் தந்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறோம். பழைய கணினியில் அர்ச்சனைப் பதிவும் நன்கொடையாளர் முகவரியும் இருக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. ஆகவே தகவலை முழுமையாக அழித்த பின்பே கொடுக்க வேண்டும். 2021 ஜூலை முதல் நாட்டில் மின்கழிவுகளைச் சேகரிக்க முறையான ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்த வழியில் சேர்ப்பதே பொறுப்புள்ள செயல்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நீங்கள் ஒரு பொருளை ஆலயத்துக்கு அளிக்கும்போது ரசீதோடு நின்றுவிடாதீர்கள். “இதன் எண் என்ன?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது குறை கூறுவதாகாது; எங்களுக்கு அது துணை. வாங்கிய விலைச் சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் உடன் கொடுத்தால் இன்னும் நல்லது. யார் நினைவாகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்.

இறுதியாக, அந்த அம்மையாரின் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கணக்கெடுப்பின் மூன்றாம் நாள், மடப்பள்ளிப் பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டையைத் தொண்டூழியர் தம்பி ஒருவர் இறக்கினார். உள்ளே அன்னம் வைத்த ஒரு ஜோடி குத்துவிளக்கு. அடியில் தேய்ந்த எழுத்தில் ஒரு பெண்மணியின் பெயர். மகனை அழைத்துச் சொன்னேன். அம்மையாரின் தாயார் பெயர் அதுவே என்றார். உடல்நலம் இடம் தராததால் அம்மையார் வர இயலவில்லை. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று மகன் வந்து திரி போட்டு ஏற்றி, கைப்பேசியில் தாயாருக்குக் காட்டினார். அவர் கைகூப்பியதை நானும் பார்த்தேன்.

அந்த விளக்குகளின் எண்கள் 0214, 0215. இப்போது எந்த நேரத்தில் யார் கேட்டாலும் அவை எங்கே இருக்கின்றன என்று எங்களால் சொல்ல முடியும்.