திண்பொருளிலிருந்து அடர் பிளாஸ்மா: கன அயனிக் கற்றைகளின் பணி

1945 ஜூன் மாதம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அவ்வாண்டு இறுதியில் பம்பாய்க்கு மாறியது. அதனை நிறுவிய ஹோமி பாபா, அக்கழகத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து வந்தவர். மின்னூட்டமுள்ள துகள் பொருளினூடே விரைந்து பாயும்போது தன் ஆற்றலை அதனிடம் இழக்கிறது என்பது அத்துறையின் அடிப்படை நியதி. திண்பொருளை அடர் பிளாஸ்மாவாக மாற்றவும் இன்று இந்நியதியே பயன்படுகிறது.

அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் நிலையே பிளாஸ்மா. மின்னலிலும் குழல்விளக்கிலும் இருப்பது அடர்த்தி குறைந்த பிளாஸ்மா. வியாழன் கோளின் உட்பகுதியிலோ, பொருள் பெரும் அழுத்தத்தில் நெருங்கிக் கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அத்தகைய நிலையை உண்டாக்க, திண்பொருள் விரிந்து சிதறுமுன் அதனைச் சூடேற்றியாக வேண்டும்.

லேசர் ஒளி பெரும்பாலும் இலக்கின் மேற்பரப்பிலேயே தடைப்பட்டுவிடும். யுரேனியம் போன்ற கன அயனிகளோ உள்ளே ஊடுருவி, வழிநெடுக ஆற்றலை விட்டுச் செல்கின்றன. ஆற்றலின் பெரும்பகுதி பாதையின் இறுதியில் வெளிப்படும். ஆகவே, இலக்கின் தடிப்பு அயனி செல்லக்கூடிய தொலைவினும் குறைவாக இருந்தால், அது ஏறக்குறைய சீராகச் சூடேறும்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உருவாகிவரும் 'ஃபேர்' ஆராய்ச்சி நிலையத்தின் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. அதன் முடுக்கி வளையத்தின் சுற்றளவு 1,100 மீட்டர். ஒரு துடிப்பில் 50,000 கோடி யுரேனிய அயனிகளை, விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்திற்குள் இலக்கில் செலுத்துவது அதன் திட்டம். 2010இல் இதற்கான உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டது. கொல்கத்தாவின் போஸ் நிறுவனம் இந்தியப் பங்கேற்பை ஒருங்கிணைக்கிறது. நம் பங்கின் ஒரு பகுதி கருவிகளாகவே வழங்கப்படுகிறது. மின்காந்தங்களுக்கான மின்வழங்கு சாதனங்கள் ஹைதராபாத் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகத்தில் தயாராயின.

இச்செலவு தகுமா என்ற வினா எழுவது இயல்பே. இரு பதிற்றாண்டுகளில் அணுப்பிணைவு ஆற்றல் கைவசமாகும் என 1955இல் ஜெனீவா மாநாட்டில் பாபா எதிர்பார்த்தார்; அது நிறைவேறவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலால் 3.15 மெகாஜூல் பிணைவு ஆற்றல் பெறப்பட்டது. ஆனால் லேசர்களை இயக்கச் செலவான மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். முடுக்கிகள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, அடுத்தடுத்துத் துடிப்புகளைத் தரவல்லவை என்பதே கன அயனி முறைக்குள்ள சிறப்பு. எனினும் அம்முறையில் பிணைவு ஆற்றல் இன்னும் பெறப்படவில்லை.

எனவே இம்முதலீட்டை, நாளைய மின்சாரத்தின் விலையாகக் கணக்கிடுதல் பொருந்தாது. பொருளின் இயல்பு பற்றிய அறிவும், நுண்கருவிகளை உள்நாட்டிலேயே வடிக்கும் திறனுமே இதன் உடனடி வருவாய். திட்டமிடுவோர் இவ்விரண்டையும் கொண்டே இதனை மதிப்பிடுதல் வேண்டும்.