கணினி படிக்கட்டும், காது கேட்கட்டும்: தமிழ்க் குரல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரந்தாவ், பகாவ், கெமாஸ் என்று நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டாலும் ஒரு காட்சியைச் சொல்வார். மாலையில் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார். லயத்து வாசலில் அமர்ந்து பலர் கேட்பார்கள். ஒரே ஏடுதான், ஆனால் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேரும்.

அன்று பால்மரம் வெட்டிவிட்டு வந்து அந்த ஏட்டைப் படித்துக் காட்டிய அப்பாவுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கும். நீரிழிவாலோ கண்புரையாலோ பார்வை மங்கியிருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்துதான் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்கிறார்கள். வீட்டில் இருப்பது பேரப்பிள்ளையின் மடிக்கணினி. (கண்ணை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்க முடியும்.) அந்த மடிக்கணினியை அவருக்குப் படித்துக் காட்ட வைக்கலாமா? வைக்கலாம். பெரும்பாலும் காசும் செலவாகாது. ஆனால் சரியான மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கேள்வி: யாருக்காக?

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் இரண்டு வகைப்படும். ஒன்று, திறந்து வைத்த பக்கத்தை மட்டும் வாசிக்கும். யாராவது பக்கத்தைத் திறந்து கொடுத்தால் போதும் என்பவருக்கு இது ஏற்றது. மற்றொன்று ‘திரைவாசிப்பான்’. அழுத்தும் விசை, திறக்கும் கோப்பு, நிற்கும் இடம் என அனைத்தையும் அது சொல்லிக்கொண்டே வரும். பார்வை இல்லாதவர் தாமே கணினியை இயக்க இதுதான் வேண்டும். நாளேடு மட்டும் கேட்க விரும்பும் தாத்தாவிடம் திரைவாசிப்பானைக் கொடுத்தால், அது ஓயாமல் பேசுவதைக் கேட்டு ஒரே நாளில் கணினியை மூடிவிடுவார்.

கணினி எப்படிப் படிக்கிறது?

முதலில் எண்களையும் சுருக்கங்களையும் சொற்களாக மாற்றுகிறது. அடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய ஒலியைத் தீர்மானிக்கிறது. பிறகு எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது இறக்குவது என்று கணிக்கிறது. கடைசியில் ஒலியை உண்டாக்குகிறது.

தமிழில் இரண்டாவது படிதான் சிக்கல். ‘காப்பி’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ‘க’ வரிசை எழுத்து வருகிறது. ஒலியோ மூன்றிலும் வேறு. சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்துக் கனமாகவும், இரு உயிரொலிகளுக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கிறது. நமக்கு இது பழக்கத்தில் வருகிறது. கணினிக்கோ விதியாகவோ எடுத்துக்காட்டுகள் மூலமாகவோ கற்பிக்க வேண்டும்.

வேற்றுமொழிப் பெயர்களில் அந்த விதி தவறிப்போகும். ‘பகாவ்’, ‘கெமாஸ்’ என்ற ஊர்ப்பெயர்களின் முதல் ஒலி நம் வாயில் கனமாகத்தான் வரும். விதியை மட்டும் நம்பும் மென்பொருள் அவற்றைப் ‘பகல்’, ‘கெடு’ போலத் தொடங்கிவிடும்.

நீங்களே வைக்கக்கூடிய தேர்வு

எந்தக் குரலையும் ஏற்பதற்கு முன் இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து வாசிக்கச் சொல்லுங்கள்: காப்பி, தங்கம், பகல், அக்காள், பசி, பச்சை, பஞ்சு, வீடு, வண்டி, பாட்டு, காற்று, கன்று, மழை, மலை, வாளை, வாலை. அடுத்து உங்கள் ஊர்ப்பெயர், வீட்டாரின் பெயர்கள், ஒரு தேதி, ‘ரிம1,250’ என்ற தொகை. கண்ணை மூடிக் கேளுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்று இடறினால் பழகிக்கொள்ளலாம். ழகரமும் ளகரமும் ஒன்றாகக் கேட்டால் வேறு குரலைத் தேடுங்கள்.

மூன்று வழிகள்

1. இணையக் குரல். மைக்ரோசாப்ட் எட்ஜ் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். குரல் பட்டியலில் தமிழ் நாடு வாரியாக இருக்கும். இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. மலாய்க் கடிதங்களுக்கு யாஸ்மின், ஒஸ்மான் என்ற குரல்களும் உண்டு. இவை நரம்பியல் வலையமைப்பு முறையில் உருவானவை. மனிதக் குரலுக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் இணையம் வேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவே அலைவரிசை ஒரு கோடு காட்டும் வீட்டில் பாதி வரியில் நின்றுவிடலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எழுத்து வெளிக்கணினிக்குச் சென்றுதான் பேச்சாகத் திரும்புகிறது. வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு அடுத்த வழியே நல்லது.

2. விண்டோஸ் குரல். செட்டிங்ஸ் பகுதியில் டைம் அண்ட் லேங்குவேஜ், அதற்குள் ஸ்பீச் சென்று ஆட் வாய்சஸ் என்பதை அழுத்தித் தமிழைச் சேர்க்கலாம். வள்ளுவர் என்ற ஆண் குரல் கிடைக்கும். மலாய்க்கு ரிஸ்வான். ஒருமுறை பதிவிறக்கினால் போதும். பிறகு இணையமே வேண்டாம். இணையக் குரலைவிடச் சற்று உணர்ச்சி குறைவு, ஆனால் நம்பலாம்.

3. என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் இது. இதனுடன் இஸ்பீக் என்ற குரல் வருகிறது. மனிதக் குரலைப் பதிவு செய்யாமல், கணக்கீட்டால் ஒலியை உருவாக்கும் முறை அதனுடையது. அதனால் அளவில் மிகச் சிறியது. பழைய கணினியிலும் ஓடும். தமிழும் மலாயும் பேசும். முதலில் இயந்திரம் போல ஒலிக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது என்பதால் பார்வையற்றோர் பலர் இதையே விரும்புகிறார்கள். எந்திரக் குரல் பிடிக்காதவர், இதே என்விடிஏவில் விண்டோஸ் குரலையும் அமைத்துக்கொள்ளலாம்.

குரல் நல்லது, ஆனால் படிக்கவில்லையா?

குற்றம் பெரும்பாலும் ஆவணத்தில் இருக்கும். படம் பிடித்த கடிதமோ வருடிய பக்கமோ கணினிக்கு வெறும் படம்தான். அதை முதலில் எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக்க வேண்டும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோயில் மலர், பள்ளி மலர் போன்றவற்றைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். குரலோ பொருளற்ற ஒலிகளை உளறும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே வாசிக்க முடியும்.

உச்சரிப்பைத் திருத்த என்விடிஏவில் ஒரு சொல் அகராதி இருக்கிறது. ‘பகாவ்’ என்று வந்தால் ‘பஹாவ்’ என வாசி என்று எழுதி வைக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. ‘ரிம’ என்று வந்தால் ‘ரிங்கிட்’ என வாசி என்று பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். ‘உரிமை’ என்ற சொல்லுக்குள்ளும் ‘ரிம’ ஒளிந்திருக்கிறது. அது உருத்தெரியாமல் போய்விடும். அப்பாவுக்கு அனுப்பும் செய்தியில் ‘50 ரிங்கிட்’ என்று நீங்களே எழுதிவிடுவது எளிது.

கடைசியாக, வேகம். அமைத்துக் கொடுப்பவர் இளையவர். அவர் காதுக்குப் பொருத்தமான வேகம் பெரியவருக்கு ஓட்டமாக இருக்கும். பக்கத்தில் அமர்ந்து, அவர் தலையசைக்கும் வரை குறையுங்கள். தொடங்க ஒரு விசை, நிறுத்த ஒரு விசை. இரண்டிலும் தடவித் தெரியும்படி சிறு ஒட்டுத்துண்டு ஒட்டுங்கள். முதல் நாளில் அந்த இரண்டைத் தவிர வேறெதையும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது மேலே உள்ள சொற்பட்டியலைக் கொண்டு போங்கள். இரண்டு மூன்று குரல்களில் வாசிக்க விட்டு, எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கப்போவது அவர் காது. தேர்ந்தெடுப்பதும் அதுவாகவே இருக்கட்டும். ஒரு காலத்தில் ஊருக்கே படித்துக் காட்டியவர், ‘இதை யாராவது படித்துச் சொல்லுங்களேன்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை.