பந்தயம் கட்டி எடை குறைத்தல்: அனுபவங்கள் உணர்த்தும் விதிகள்

உடல் எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர் தம் பணத்தின் ஒரு பகுதியைப் பணயமாக வைத்து, குறித்த நாளுக்குள் குறித்த அளவு எடை குறையாவிட்டால் அதை இழந்துவிடச் சம்மதிக்கும் வழக்கம், கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் தொடங்கி அலுவலகங்களுக்கும் பின்னர் கைப்பேசிச் செயலிகளுக்கும் பரவியிருக்கிறது. பங்கேற்றோரின் அனுபவங்களையும் அவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளையும் ஒருசேர நோக்கினால், பந்தயம் நல்லதா தீயதா என்னும் வினாவைவிட அது எத்தகைய விதிகளோடு கட்டப்படுகிறது என்னும் வினாவே முதன்மையானது என்பது புலப்படும். தொகையும் மன உறுதியும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு வகை விதி ஆறு மாதம் நீடிக்கும் நடைப்பழக்கத்தை உண்டாக்க, வேறு வகை விதி எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவின் பட்டினியை மட்டுமே உண்டாக்குகிறது.

மூவகைப் பந்தயங்கள்

முதல் வகையை வைப்புத்தொகை ஒப்பந்தம் எனலாம். பங்கேற்பவர் தமக்குரிய பணத்தையோ பொருளையோ முன்கூட்டியே பிறர் பொறுப்பில் ஒப்படைத்து, இலக்கை எட்ட எட்டத் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. 1972இல் வெளியான ஆர். ஏ. மான் என்பவரின் ஆய்வில் பங்கேற்றோர் தமக்கு மதிப்புமிக்க உடைமைகளையே ஒப்படைத்து, எடை குறைந்த அளவுக்கு அவற்றை மீட்டுக்கொண்டனர். இரண்டாம் வகை பொதுப்பணயம். பலர் சம தொகை செலுத்த, இலக்கை எட்டியவர்கள் மொத்தத் தொகையைத் தமக்குள் பகிர்ந்துகொள்வர். டயட்பெட் என்னும் அமெரிக்கச் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. நான்கு வாரத்தில் தொடக்க எடையில் 4 விழுக்காட்டைக் குறைப்பது அதன் குறுகிய ஆட்டம், ஆறு மாதத்தில் 10 விழுக்காட்டைக் குறைப்பது நீண்ட ஆட்டம். நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு எஞ்சியதை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

மூன்றாம் வகையில் யார் அதிகமாக எடை குறைத்தாரோ அவர் ஒருவரே பரிசைப் பெறுகிறார். 2004இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பல அலுவலகப் போட்டிகளும் இதே வடிவத்தைப் பின்பற்றுகின்றன. முதலிரு வகைகளில் பங்கேற்பவர் தம் இலக்கோடு மட்டும் மோதுவதால், இலக்கை எட்டியதும் நிறுத்திக்கொள்ள இடமுண்டு. மூன்றாம் வகையிலோ பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு குறைத்தார் என்பதைப் பொறுத்து இலக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், போதும் என நிற்கும் புள்ளியே இல்லாமற்போகிறது. ஆகவே பந்தயத்தில் இறங்க நினைப்பவர் முதலில் மூன்றாம் வகையை விலக்கிவிடுவது நல்லது.

பணயம் ஏன் வேலை செய்கிறது

எடைக் குறைப்பின் பலன் பல மாதங்களுக்குப் பின்னரே கிடைக்க, இனிப்பின் சுவை அந்தக் கணத்திலேயே கிடைத்துவிடுவதால், மனம் அண்மையிலுள்ள சிறு இன்பத்துக்குத் தொலைவிலுள்ள பெரும் நன்மையைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறது. பொருளியலாளர் இதை நிகழ்கால நாட்டம் என்பர். பிற்காலத்தில் தாம் தளர்ந்துவிடுவோம் என்று அறிந்த ஒருவர் அத்தளர்ச்சிக்கு இப்போதே ஒரு விலையை நிர்ணயித்துவைப்பது முன்பிணைப்பு எனப்படும். 2005இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், மனிதர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளக் கையாளும் இத்தகைய உத்திகளை விரிவாக ஆராய்ந்தவர். இதனுடன் இழப்பு வெறுப்பு என்னும் மற்றொரு கூறும் சேர்கிறது. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரு தொகையை இழப்பதன் வருத்தம் அதே தொகையைப் பெறுவதன் மகிழ்ச்சியைவிட வலிமையானது. எனவே வெளியாள் தரும் பரிசைவிடச் சொந்தப் பணம் பறிபோகும் அச்சம் கூடுதலாகத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு.

பொருளியலாளர் டீன் கார்லன் மாணவராக இருந்த காலத்தில் நண்பர் ஒருவருடன், எடை குறையாவிட்டால் ஆண்டு வருமானத்தில் பாதியை இழப்பதெனப் பந்தயம் கட்டி எடையைக் குறைத்ததும், பின்னர் யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ் முதலியோருடன் சேர்ந்து ஸ்டிக் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியதும் இக்கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த முயற்சிகளாகும். அச்சேவையில், தோற்பவரின் பணம் அவருக்கு அறவே பிடிக்காத கொள்கையுடைய ஓர் அமைப்புக்குப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். நற்பணிக்குத்தானே போகிறது என்னும் ஆறுதல்கூடத் தோற்பவருக்கு எஞ்சக்கூடாது என்பது அதன் நோக்கம்.

சான்றுகள் காட்டும் வலிமையும் வரம்பும்

கெவின் வோல்ப் முதலியோர் பிலடெல்பியாவில் 57 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களில் சுமார் 7.3 கிலோ குறைப்பது இலக்காக வைக்கப்பட்டது. மாதந்தோறும் எடை மட்டும் பார்த்தவர்கள் சராசரியாக 1.8 கிலோ குறைந்திருக்க, சொந்தப் பணத்தைப் பணயம் வைத்தவர்கள் 6.4 கிலோவும், இலக்கை எட்டினால் குலுக்கல் பரிசு பெறும் வாய்ப்புடையவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தனர். ஆயினும் தொடக்கத்திலிருந்து ஏழு மாதம் கழிந்தபோது பணயக் குழுவினரின் நிகர இழப்பு 2.8 கிலோவாகச் சுருங்கிவிட்டது. எடை மட்டும் பார்த்தவர்களின் 2 கிலோவோடு ஒப்பிட்டால், புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை. பணம் நடுவில் இருந்தவரை எடை குறைந்தது, பணம் விலகியதும் எடை திரும்பத் தொடங்கியது என்பதே இதன் சாரம்.

செயலிகளின் கணக்கையும் கவனத்தோடு படிக்க வேண்டும். டயட்பெட்டின் நான்கு வார ஆட்டங்களில் கலந்துகொண்ட 39,387 பேரைப் பற்றி 2014இல் வெளியான கட்டுரையில், வென்றவர்கள் சராசரியாக 4.9 விழுக்காடு எடை குறைத்ததாகவும், பாதியில் நின்றவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 2.6 விழுக்காடே என்றும் காணப்படுகிறது. விளம்பரங்கள் வென்றவர்களின் எண்ணையே முன்னிறுத்தும் என்பதால், தமக்கு எது பொருந்தும் என்று கருதுபவர் இரண்டாம் எண்ணையே மனத்தில் கொள்ள வேண்டும்.

சொந்தப் பணத்தைப் பணயம் வைக்க மக்கள் எளிதில் முன்வருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. புகைப்பழக்கத்தைக் கைவிடுவது குறித்து 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெறும் பரிசுத் திட்டத்தை வழங்கியபோது 90 விழுக்காட்டினர் ஏற்க, வைப்புத்தொகை கேட்ட திட்டத்தை 13.7 விழுக்காட்டினரே ஏற்றனர். எனவே பந்தயம் எல்லோருக்கும் பொதுவான மருந்தன்று. தோல்வியின் இழப்பைத் தாங்கிக்கொண்டு மீண்டும் முயலும் இயல்புடையவர்களுக்கே அது பொருந்துகிறது.

இலக்கும் கால அளவும்

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோவரை குறைவதே பொதுவாகப் பாதுகாப்பான வேகமாகக் கருதப்படுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலுக்குச் சமம் என்பதால், வாரம் அரை கிலோ குறைக்க நாளொன்றுக்குச் சுமார் 550 கிலோகலோரி பற்றாக்குறை தேவைப்படுகிறது. இதைவிட வேகமான இலக்கைப் பந்தயத்தில் எழுதுவது பட்டினியை எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். பலர் சேர்ந்து பந்தயம் கட்டும்போது இலக்கைக் கிலோவில் குறிக்காமல் தொடக்க எடையின் விழுக்காட்டில் குறிப்பது நேர்மையானது. 60 கிலோ எடையுள்ளவருக்கும் 100 கிலோ எடையுள்ளவருக்கும் ஐந்து கிலோ என்பது ஒரே சுமையன்று. உடல் நிறைக் குறியெண், அதாவது கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 18.5க்குக் கீழே இறங்கும்படியான எந்த இலக்கையும் ஏற்கலாகாது.

இறுதி நாள் ஒன்றை மட்டும் வைப்பதைவிட, ஆறு மாதப் பந்தயத்தை மாதாந்தரத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கும் பணயத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது பயன்தரும். ஒரு மாதம் தவறியவர் முழுவதையும் இழந்துவிட்டோம் என்று கைவிடாமல் அடுத்த மாதத்துக்கான பங்கைக் காத்துக்கொள்ள முயல்வார். எடை என்பது விளைவு என்பதையும், அது நீர், உப்பு, மாதவிடாய்ச் சுழற்சி முதலியவற்றால் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதையும் கருதினால், பணயத்தின் ஒரு பகுதியை வாரத்தில் ஐந்து நாள் நடத்தல், இனிப்புப் பானங்களைத் தவிர்த்தல், உண்டதைக் குறித்துவைத்தல் போன்ற செயல்களின்மீது வைப்பது இன்னும் அறிவுடையது, ஏனெனில் செயல் முழுவதும் பங்கேற்பவரின் கையில் இருக்கிறது.

தொகையும் கூட்டாளிகளும் நடுவரும்

இழந்தால் உறுத்த வேண்டும், ஆனால் வீட்டு வாடகையோ பள்ளிக் கட்டணமோ தடைபடக்கூடாது என்பதே தொகையைத் தீர்மானிக்கும் அளவுகோல். கடன் வாங்கிப் பணயம் வைப்பதும், தோற்றதை மீட்க அடுத்த சுற்றில் இரட்டிப்பாக வைப்பதும் எடைக் குறைப்பின் எல்லையைத் தாண்டிச் சூதாட்டத்துக்குள் நுழைந்துவிட்டதன் அடையாளங்கள்.

குழுவாகச் சேர்வது பலனைக் கூட்டுகிறது. 1983இல் ராபர்ட் ஜெஃப்ரி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், குழுவின் சராசரி எடைக் குறைவைப் பொறுத்துப் பணம் திரும்பக் கிடைக்கும் ஒப்பந்தம் தனிநபர் ஒப்பந்தத்தைவிடக் கூடுதல் பயன் தந்தது. பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனை ஊழியர் 105 பேரைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், மாதம் 100 டாலர் பரிசைத் தனித்தனியே பெறக்கூடியவர்கள் 24 வாரங்களில் சராசரியாக 1.7 கிலோ குறைய, ஐவர் குழுவுக்கு 500 டாலரென வைத்து இலக்கை எட்டியவர்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இருந்தவர்கள் 4.8 கிலோ குறைந்தனர்.

நண்பர்களுக்குள் கட்டப்படும் பந்தயங்கள் பெரும்பாலும் குலைவது, தோற்றவரிடம் பணம் கேட்கக் கூசும் இடத்தில்தான். ஆகவே பணத்தை முதல் நாளே பந்தயத்தில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுத்துவைத்து, இலக்கு, தேதி, நோய்வாய்ப்பட்டால் விலகும் முறை ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எடையை எப்போதும் ஒரே கருவியில், காலையில் உண்பதற்கு முன், ஒரே வகை மெல்லிய உடையில், நடுவர் முன்னிலையில் பார்க்க வேண்டும். தொடக்க நாளன்று வயிறு நிறைய உண்டும் நீர் குடித்தும் எடையைக் கூட்டிக்காட்டும் தந்திரத்தைத் தடுக்க, இரண்டு மூன்று நாள்களின் சராசரியைத் தொடக்க எடையாகக் கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டியவை

தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைத்திருப்பதால், உணவைத் திடீரெனக் குறைத்தவரின் முதல் வார எடைக்குறைவில் பெரும்பங்கு நீரே ஆகும். இதை அறிந்த சிலர் இறுதி நாளில் நீரைத் தவிர்த்தும், நீராவி அறையில் வியர்த்தும், பேதி மருந்து, சிறுநீர் பெருக்கி மருந்து ஆகியவற்றை உட்கொண்டும் எடைக் கருவியை ஏமாற்ற முயல்கின்றனர். இதன் விபரீதத்தை மல்யுத்தக் களம் காட்டியிருக்கிறது: 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக உடலின் நீரை வெளியேற்றும் முயற்சியில் உயிரிழந்ததையடுத்து அங்குள்ள போட்டி விதிகள் மாற்றப்பட்டன. மிக வேகமான எடைக்குறைவு பித்தப்பைக் கற்களுக்கும் வழிவகுக்கும். கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரிளம் பருவத்தினர், உணவுண்ணல் கோளாறு உள்ளோர், சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீண்டோர் ஆகியோர் இப்பந்தயங்களில் சேரவே கூடாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கலாகாது.

இந்தியாவில் வாழும் வாசகர் சட்டத்தையும் கருத வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்பதால், வென்ற பணத்தைத் தராதவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து 2025இல் மத்தியச் சட்டமும் வந்திருப்பதால், அயல்நாட்டுச் செயலிகளில் பணம் கட்டுமுன் அவற்றின் சட்டநிலையை அறிந்துகொள்வது அவசியம்.

பந்தயம் முடிந்த பின்

'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியாளர் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்வுநிலையில் அவர்களின் உடல் செலவிட்ட ஆற்றலோ, அவர்களின் உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. குறைத்த எடையைத் தக்கவைப்பது குறைப்பதைவிடக் கடினமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆகவே பந்தயம் கட்டுவோர் பணயத் தொகை முழுவதையும் எடைக் குறைப்புக்கே செலவிடாமல் அதில் பாதியை அடுத்த ஓராண்டுக்கென ஒதுக்கி, எட்டிய எடைக்கு மேல் இரண்டு கிலோ கூடாமல் காப்பதை இரண்டாம் பந்தயமாக முதல் நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்; அவ்வாறு எழுதப்படாத பந்தயத்தில் வென்றவரும் சில மாதங்களில் தோற்றவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பதே பெரும்பாலும் நிகழ்கிறது.